இரவல் ஓட்டு

ஜூலை 1, செவ்வாய்

இன்று காலை இட்லிக்கும் காபிக்கும் நடுவில் நான் திமிங்கிலம் ஆகிவிட்டேன்.

பின்னாளில் இதைப் படிக்கப்போகும் என் மகள் குழம்பக் கூடாது என்பதால் விவரமாகவே எழுதிவைக்கிறேன். தோப்பு என்று ஒரு வலைத்தளம். ஃபேஸ்புக் மாதிரிதான், எழுதலாம், படம் போடலாம், வம்பளக்கலாம். ஒரே வித்தியாசம், நம் பதிவுக்கு யாராவது ஓட்டுப் போட்டால் 'காய்' என்கிற கிரிப்டோ நாணயம் நம் கணக்கில் விழும். தமிழில் எழுதுகிற அறுபது பேர் அங்கே ஒரு குழுவாக இருக்கிறோம். தலைக்கு ஒரு ஓட்டு என்ற பேச்சே கிடையாது. யார் அதிகம் காய் வைத்திருக்கிறாரோ அவர் ஓட்டுக்குக் கனம் அதிகம். நான் ஓட்டுப் போட்டால் எழுதியவருக்கு ஒரு கடுகு கிடைக்கும். டொராண்டோ யோகநாதன் போட்டால் அன்றைக்கு அவருக்குத் தீபாவளி. அப்பேர்ப்பட்டவர்களைத்தான் அங்கே திமிங்கிலம் என்பார்கள்.

அந்த யோகநாதன் இன்று போன் செய்தார்.

"குலசேகரன் அண்ணை, என்ர ஓட்டு முழுக்க நீங்களே வைச்சுப் பகிர்ந்து குடுங்கோ. எனக்கு வாசிக்க நேரமில்லை. வாசிக்காமப் போட்டா ஆக்கள் ஏசினம்."

காய் அவரிடமே இருக்கும். ஓட்டின் கனம் மட்டும் இந்த ஜூலை மாதம் முழுக்க எனக்கு இரவல். மற்ற எல்லோருடைய ஓட்டையும் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. மாதக் கடைசியில் யாருக்கு ஓட்டு அதிகம் சேர்ந்திருக்கிறதோ, அவர் எழுதியதைத் தொகுத்து யோகநாதன் தன் செலவில் புத்தகமாகப் போடுவார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்த காலம் முழுக்க ஒருவர் கிளெய்மையும் முகம் பார்த்துத் தீர்க்காதவன் நான். அந்தப் பெயர் கனடா வரைக்கும் போயிருப்பதில் ஆச்சரியமில்லை.

என் மனைவி தமயந்தியிடம் சொன்னேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் இரண்டு வருடமாகத் தோப்பில் ஏதோ எழுதுகிறாள்.

"புஸ்தகமாவா? நெஜமாவாங்க?" கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "அது எனக்குக் கெடைக்கணுங்க. அட்டையில என் பேரு போட்டு ஒரு புஸ்தகம். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"நல்லா எழுதுறவங்களுக்குக் கெடைக்கும்" என்றேன், பொதுவாக.

ஜூலை 2, புதன்

உட்கார்ந்து எட்டு விதிகள் எழுதிக் குழுவில் போட்டேன். எட்டாவது விதிதான் உச்சம்: ஓட்டைப் பகிர்பவரின் வீட்டாருக்கு அவர் ஓட்டு கிடையாது. கைத்தட்டல் படங்களாக வந்து குவிந்தன. 'இப்படி ஒரு மனிதரா' என்று ஒருவர் எழுதியிருந்தார். தமயந்தியும் ஒரு கைத்தட்டல் போட்டிருந்தாள். ஒன்றே ஒன்று.

ஜூலை 4, வெள்ளி

என் 'காலைச் சிந்தனை' பதிவுகளை இத்தனை நாள் நான்கைந்து பேர்தான் படித்தார்கள். இந்த வாரம் நாற்பது பேர் பாராட்டியிருக்கிறார்கள். என் எழுத்தில் ஒரு முதிர்ச்சி வந்திருக்கிறது, எனக்கே தெரிகிறது.

ஈரோட்டிலிருந்து ஜவுளிக்கடை சென்னியப்பன் கூரியரில் ஆறு வேட்டி அனுப்பியிருக்கிறார். குழுவில் சமையல் பற்றி எழுதுகிறவர். உடனே போன் செய்து கண்டித்தேன்.

"ஏனுங்க சார், ஆடித் தள்ளுபடிக்கு வந்த சரக்குங்க. உங்கொளுக்குன்னு எடுத்து வெச்சேன். வேட்டிக்கும் ஓட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

சம்பந்தம் இல்லைதான். திருப்பி அனுப்பினால் மனிதர் வருத்தப்படுவார். அவருடைய கொள்ளு ரசம் பற்றிய கட்டுரைக்கு முழு ஓட்டுப் போட்டேன். தகுதி அடிப்படையில் மட்டும்.

ஜூலை 6, ஞாயிறு

குழுவில் ஒரு பழக்கத்தைக் கண்டுபிடித்தேன். யாருமே பதிவைப் படித்து ஓட்டுப் போடுவதில்லை. அவர் எனக்குப் போட்டார், நான் அவருக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் மொய் எழுதுவது போலவே. கும்பகோணத்து ஆள் ஒருவர் 'இன்று தலைவலி, எழுதவில்லை' என்று ஒரு வரி போட்டதற்கு முப்பது ஓட்டு. அவர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் சரியாகச் செய்முறை செய்தவராம். இரவல் ஓட்டு என்னிடம் இருக்கும்வரை மொய்க்கு இங்கே இடமில்லை என்று அறிவித்துவிட்டேன்.

மாலை இனிப்பு வாங்கத் தில்லைநகர் போனோம். கடை வாசலில் பழைய ஆபீஸ் நண்பர் வரதராஜனைப் பார்த்தேன். காரில் தமயந்தி இருந்ததால் இரண்டு நிமிடம் மட்டும் பேசிவிட்டு வந்தேன். அதற்குள் தூங்கியிருக்கிறாள். கடையில் ஷட்டரை வேறு இறக்கிவிட்டார்கள். இப்போதெல்லாம் ஞாயிறன்று சீக்கிரம் மூடிவிடுகிறார்கள் போல.

ஜூலை 9, புதன்

தமயந்தி ஒரு பதிவு போட்டிருக்கிறாள். நான் திறக்கவில்லை. நடுவர் என்றால் நடுவர்.

ஜூலை 11, வெள்ளி

இன்று சாப்பாட்டின்போது ஒரு சின்ன விவாதம்.

"என் பதிவுக்கு இந்த மாசம் ரெண்டே ரெண்டு ஓட்டு. அதுல ஒண்ணு நம்ம பொண்ணு போட்டது" என்றாள் தமயந்தி.

"நான் போட்டா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"ஓட்ட விடுங்க. படிச்சீங்களா?"

"படிச்சா போடணும்னு தோணும். அதனாலதான் படிக்கல."

"ரெண்டு வருஷமாவா?"

மோர் ஊற்றச் சொன்னேன். அவள் எழுதுவது எனக்குப் படிக்காமலே தெரியும். சமையல், கோலம், வாசல், அம்மா. நன்றாகத்தான் இருக்கும். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு இது கூடவா தெரியாது?

இருந்தாலும் அவளுக்கு ஏன் மற்றவர்களும் போடவில்லை என்பது புரியவில்லை. அவள் ஊர்ப்பட்ட பேருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லுகிறவள்.

ஜூலை 13, ஞாயிறு

புதிய ஏற்பாடு. நான் ஒருவனே தீர்மானிப்பது சரியில்லை என்று தூத்துக்குடி ஜெசிந்தா சொன்னார். பல் டாக்டர், வலிக்கிற இடத்தைச் சரியாகத் தட்டுவார். சரி, தலைக்கு ஒரு ஓட்டு. குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் தினம் ஒரு பதிவைச் சொல்லட்டும், எதை அதிகம் பேர் சொல்கிறார்களோ அதற்கு என் இரவல் ஓட்டு. ஜனநாயகம் என்றால் இதுதான்.

ஜூலை 15, செவ்வாய்

ஜனநாயகம் இரண்டு நாள்தான் தாங்கியது.

நேற்று ஒரே நாளில் பதினெட்டு புதிய உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். எல்லோரும் பெண்கள். எல்லோரும் பட்டுப்புடவை. எல்லோரும் இடது பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் சென்னியப்பனின் கொள்ளு ரசம் பிடித்திருந்தது. மீனலோசனி என்ற பெண்ணின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மணிக்கட்டில் ஒரு திருகாணி தெரிந்தது.

"கடைப் பொம்மைகளை உறுப்பினராச் சேர்த்திருக்கீங்களா?" என்று போனில் கேட்டேன்.

"ஏனுங்க சார், எல்லாம் வருசக் கணக்கா என்ற கடைல நிக்கிறதுங்க. ஒரு நாளு லீவு கேட்டதில்லீங்க. அதுகளுக்கு ஒரு ஓட்டு இருந்துட்டுப் போகட்டுமுங்களே."

கோபப்பட நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அவர் மட்டுமா? கும்பகோணத்துக்காரர் தன் காலஞ்சென்ற பெரியப்பா பெயரில் கணக்கு தொடங்கியிருக்கிறார். பெரியப்பா தினமும் காலை ஆறு மணிக்குத் தம்பி மகனுக்கு ஓட்டுப் போடுகிறார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. காற்று ஆளைத் தள்ளுகிறது.

காரைக் கழுவ விட்டிருந்தேன். "சார், இடது சீட்டு ஓரமெல்லாம் வேர்க்கடலைத் தோலு. வண்டியில எலி இருக்குது" என்றார் மெக்கானிக். வீட்டுக்கு வரும் வழியிலேயே ஒரு எலிப்பொறி வாங்கி, மசால் வடைத் துண்டு வைத்து, இடது சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

"எலி கடலைய உரிச்சுத் தோலை ஓரமாப் போட்டுட்டாத் திங்குது?" என்றாள் தமயந்தி.

திருச்சி எலிகள் அப்படித்தான் போலிருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

காணொளியில் கூட்டம் போட்டோம். எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். யோகநாதன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "நான் நல்லது செய்யப் போய் எல்லாரும் சண்டை பிடிக்கிறீங்கள். இந்த ஓட்டை ஆரிட்டக் குடுத்தாலும் பிரச்சினையாத்தான் கிடக்கு" என்றார்.

ஜெசிந்தா ஒரு வழி சொன்னார். "பேரு தெரியிறதுனாலதான சார் மொய்யி, வேட்டி, பொம்மையெல்லாம்? பேர எடுத்துருவோம். ஆளுக்கு ஒரு கட்டுரை எனக்கு அனுப்பட்டும். நான் நம்பர் மட்டும் போட்டு ஒரே ஆளு எழுதுன மாதிரி குழுவுல போடுதேன். இருபத்தேழாந்தேதி ஞாயித்துக்கிழம சாயங்காலம் வரைக்கும் ஓட்டு. அப்புறம் பேரச் சொல்லுதேன்."

இதுவரை விழுந்த ஓட்டெல்லாம் தள்ளுபடி. அந்த ஒரு வாரத்தை வைத்துத்தான் புத்தகம் என்று முடிவாயிற்று. ஒவ்வொருவராகக் கேமரா முன்னால் வந்து கண் சிமிட்ட வேண்டும், சிமிட்டினால்தான் உறுப்பினர் என்றும் ஜெசிந்தா சொன்னார். பொம்மைகளும் பெரியப்பாவும் அத்தோடு விலகினார்கள்.

நான் சும்மா இருக்க முடியுமா? எட்டாவது விதியை இன்னும் இறுக்கினேன். தெரிந்தோ தெரியாமலோ சொந்த வீட்டாருக்கு ஒருவர் ஓட்டுப் போட்டு, முடிவு நேரத்தில் அது இருந்தால், அந்த ஓட்டும் செல்லாது, அந்தக் கட்டுரையும் போட்டியிலிருந்து விலக்கப்படும்.

"தெரியாமப் போட்டாலுமா சார்?" என்றார் ஜெசிந்தா.

"தெரியாமப் போட்டேன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க. இடமே குடுக்கக் கூடாது."

யாரும் மறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமயந்தி மட்டும் எழுந்து காபி போடப் போனாள்.

ஜூலை 19, சனி

எலி விழவில்லை. வடையையும் காணோம். எறும்பு வந்ததால் தூக்கிப் போட்டுவிட்டதாகத் தமயந்தி சொன்னாள். எலி பிடிக்கும் வேலையில் இவள் ஏன் குறுக்கே வருகிறாள்?

ஜூலை 21, திங்கள்

கட்டுரைகள் வந்துவிட்டன. மொத்தம் இருபத்திரண்டு.

தமயந்தியுடையது எது என்று கண்டுபிடிப்பதுதான் என் முதல் வேலை. தெரியாமல் போட்டுத் தொலைத்துவிடக் கூடாதே. அதிக நேரம் ஆகவில்லை. நான்காம் எண், புளிசாதம் கிளறுவது பற்றி. நல்லெண்ணெய், பெருங்காயம், ஆறிய சோற்றில் உப்பு. சமையலறையில் அவள் நிற்பதே கண்ணில் தெரிந்தது. உருக்கமாக இருந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு பூஜ்யம் போட்டேன்.

அவளிடம் சாடையாகச் சொன்னேன். "எதுன்னு கண்டுபுடிச்சிட்டேன்."

"கண்டுபுடிச்சீங்களா?" நின்றுவிட்டாள்.

"எழுத்தப் பாத்தா தெரியாதா எனக்கு?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனாள்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று எனக்கு ஒரு எழுத்தாளர் கிடைத்தார். ஒன்பதாம் எண். தலைப்பு 'இரண்டு நிமிடம்'. சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. தமயந்தி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்கட்டும் என்று உரக்கப் படித்தேன். மறக்காமல் இருக்க ஒரு பகுதியை இங்கே எழுதிவைக்கிறேன்.

'என் கணவருக்கு இரண்டு நிமிடம் என்பது நேரமல்ல, ஓர் ஊர். அங்கே போய்விட்டால் திரும்பி வர அவருக்கு மனம் வராது. நான் காரில் இருப்பேன். சாவி அவர் பையில் போய்விடும் என்பதால் ஏசி கிடையாது. முதலில் கதவைத் திறந்து வைத்தேன். அடுத்த வருடம் மடக்கு விசிறி ஒன்று கொண்டுவந்தேன். அப்புறம் ஒரு டப்பா வேர்க்கடலை. அப்புறம் ஊசி நூல். இவர் வரதட்சணை வாங்காமல் கட்டிக்கொண்டதாகச் சொல்லிக்கொள்வார். அந்த இடது பக்கச் சீட்டுக்கு நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன், அவர் இன்னும் பார்க்கவில்லை.'

"என்ன மனுஷன்யா இவன்!" என்றேன். "பொண்டாட்டிய வண்டியில உக்கார வெச்சுட்டு ஊர்க்கதை பேசிட்டு நிக்கிறான் பாரு!"

"அந்தம்மா கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருக்கும்" என்றாள் தமயந்தி, பூண்டைப் பார்த்தபடியே.

"இல்ல. இப்படி ஆளுங்க இருக்காங்க. நம்ம வரதராஜனே அப்படித்தான்."

கடைசிப் பத்தியில் மட்டும் சிரிப்பு வரவில்லை. 'ஒருநாள் கார்க் கண்ணாடி வழியாக அவர் யாரோடோ பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை ஆட்டிக் கதை சொன்னார், தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் இந்த மனிதர் என்று எனக்கே ஆசையாக இருந்தது. வந்து ஏறினார். போலாமா, என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த பேச்சு அது.'

படித்து முடித்ததும் அந்தப் பத்தியை மறுபடி ஒரு தடவை படித்தேன்.

"என் முழு ஓட்டும் இதுக்குத்தான்" என்றேன். அப்போதே போட்டும் விட்டேன்.

தமயந்தி கையிலிருந்த பூண்டைக் கீழே போட்டாள். "அய்யய்யோ, அதுக்குப் போயி எதுக்குங்க முழு ஓட்டு? எடுத்துடுங்க. அந்தப் புளிசாதத்துக்குப் போடுங்களேன்."

எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. தன் கட்டுரைக்குத் தானே ஓட்டுக் கேட்கிறாள்! அதுவும் என்னிடம்! "இந்த வீட்டுல அது நடக்காது தமயந்தி" என்று சொல்லிவிட்டேன். பாவம், புத்தக ஆசை அவளை இந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது.

ஜூலை 23, புதன்

ஜெசிந்தா போன் செய்தார். குரலே சரியில்லை.

"சார், எட்டாவது விதிய இன்னொரு தடவ வாசிச்சுப் பாருங்க."

"நான் எழுதின விதிதானே டாக்டர்?"

"அதான் சார் சொல்லுதேன். பேரச் சொல்லக் கூடாதுன்னு வாக்குக் குடுத்துட்டேன். வேற எப்படிச் சொல்லன்னு தெரியல. ஓட்ட ஞாயித்துக்கிழம வரைக்கும் மாத்திக்கிடலாம், அது ஞாபகம் இருக்குல்லா?"

யாரோ சொந்த வீட்டாருக்குப் போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. "தயவு தாட்சண்யமே பாக்காதீங்க. விதிப்படி தூக்கிடுங்க" என்று தைரியம் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. பல் டாக்டர்களுக்கு வேலைப் பளு அதிகம்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. தமயந்தி வீட்டில் படையலுக்குச் சமைத்துக்கொண்டிருந்ததால் நான் மட்டும் அம்மா மண்டபம் போய்த் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். காவிரியில் நல்ல தண்ணீர். திரும்பும்போது பாலத்துக்குப் பக்கத்தில் போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்தி இன்ஷூரன்ஸ் பேப்பர் கேட்டார்கள். என்னிடம், இன்ஷூரன்ஸ் பேப்பர்! சிரித்துக்கொண்டே தேடினேன். என் பக்கம் எங்கேயும் இல்லை. இடது சீட்டுக்கு முன்னால் இருக்கும் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். அதை நான் திறந்து எத்தனை வருடம் ஆகிறதோ தெரியாது.

மேலாக ஒரு மடக்கு விசிறி. அதன் கீழே ஒரு எவர்சில்வர் டப்பா. அசைத்தால் கலகலவென்றது. ஒரு பழைய சோப்புப் பெட்டியில் ஊசியும் நூலும். அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் மடங்காமல் கசங்காமல் இன்ஷூரன்ஸ் பேப்பர்.

"என்ன சார், பேப்பர் இருக்கா இல்லியா? கடலையையே பாத்துட்டு இருக்கீங்க" என்றார் போலீஸ்காரர்.

பேப்பரைக் காட்டினேன். போகச் சொன்னார். நான் ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எலிப்பொறியை எடுத்து வெளியே வைத்தேன்.

வீட்டில் படையல் போட்டு, காகத்துக்கு வைத்து, சாப்பிட்டோம். வாழைக்காய்ப் பொரியல் நன்றாக இருந்தது. அதைச் சொன்னேன். "உப்பு கம்மியாச்சோன்னு நெனச்சேன்" என்றாள். இல்லை, சரியாக இருந்தது.

வேறு எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 25, வெள்ளி

காலையில் எழுந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதாம் எண்ணில் என் ஓட்டு இருந்தால் என் விதியே அதை வெளியே தள்ளிவிடும். ஓட்டை எடுத்து வேறு எதற்குப் போட்டாலும் அந்தக் கனத்தில் அது ஜெயித்துவிடும், ஒன்பதாம் எண் தோற்கும். எதற்கும் போடாமல் இருந்தால், காய் அதிகம் வைத்திருக்கும் நாலைந்து பேர் சொன்னதுதான் முடிவு. இந்த இரவல் ஓட்டு என் கையில் இருக்கும்வரை எப்படிப் புரட்டினாலும் யாருக்காவது அநியாயம். இது ஒரு பொதுவான கவலைதான். குறிப்பிட்ட எந்தக் கட்டுரையையும் மனதில் வைத்து நான் யோசிக்கவில்லை.

ஒன்பதாம் எண்ணிலிருந்து ஓட்டை எடுத்தேன். பிறகு யோகநாதனுக்குப் போன் செய்தேன்.

"உங்க ஓட்ட நீங்களே திருப்பி எடுத்துக்குங்க."

"ஏன் அண்ணை, என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கல. காருல ஒரு பேப்பர் தேடினேன்."

"விளங்கேல்லை அண்ணை."

"ஒருத்தர் கையில இவ்வளவு பெரிய ஓட்டு இருக்கவே கூடாதுங்க. கண் சிமிட்டின அத்தனை பேருக்கும் சமமாப் பிரிச்சு இரவல் குடுத்துடுங்க. படிச்சுட்டு அவங்க அவங்க போடட்டும். என்னை விட்டுடுங்க, எனக்குப் பங்கு வேணாம்."

"உங்களை எல்லாரும் தலையில தூக்கி வைச்சு ஆடினவை. இனி ஒருத்தரும் எட்டிப் பாக்கமாட்டினம், தெரியுமோ?" என்றார்.

தெரியும் என்றேன். சாயங்காலத்துக்குள் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

ஜூலை 26, சனி

இன்றைய 'காலைச் சிந்தனை'யைப் பாராட்டியவர்கள்: மூன்று பேர். அதில் ஒருவர் இடம் மாறிப் போட்டதாகச் சொல்லித் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஜூலை 27, ஞாயிறு

முடிவு.

எல்லோரும் காணொளியில் இருந்தோம். தமயந்தி என் பக்கத்தில் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா படித்தார். மூன்றாம் இடம், கும்பகோணத்துக்காரர். தலைவலி இல்லாத நாளில் நன்றாகவே எழுதுகிறார். இரண்டாம் இடம், நான்காம் எண். புளிசாதம். எழுதியவர் ஈரோடு சென்னியப்பன்.

நான் தமயந்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"முதலிடம் ஒன்பதாம் நம்பர். பாதிப் பேருக்கு மேல அதுக்குத்தான் போட்டிருக்கீங்க. சொந்த வீட்டு ஓட்டு ஒண்ணுகூட இல்ல, ரெண்டு தடவ பாத்துட்டேன்." ஜெசிந்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எழுதுனது திருச்சி தமயந்தியக்கா."

ஒரே கூச்சல். அதில் சென்னியப்பன் குரல்தான் பெரிதாகக் கேட்டது. "அட, அம்மணியா அது! ரெண்டு வருசமா அம்மணி எழுதறதை ஒண்ணு விடாமப் படிக்கறனுங்க. ஆனா இந்த மாசம் ஒரு ஓட்டுப் போட்டதில்லீங்க. எட்டாவது விதியெல்லாம் சும்மா பேருக்குன்னு நெனச்சனுங்க, வூட்லயே திமிங்கலம் கெடக்குது, நம்ம சில்லறை ஓட்டு எதுக்குன்னு விட்டுப்போட்டனுங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் கும்பகோணத்துக்காரர். இன்னும் பத்துப் பேர் அதையே சொன்னார்கள்.

அவளுக்கு யாரும் போடாததற்கு இதுதான் காரணம். நான் ஊருக்குப் பயந்து போடவில்லை. நான் போட்டிருப்பேன் என்று ஊர் போடவில்லை. நடுவில் இவள் மாதம் முழுக்க இரண்டு ஓட்டோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு கேட்டாள். "எடுத்துட்டீங்களா அந்த ஓட்ட? எப்ப?"

"வெள்ளிக்கிழம."

"எதுக்கு?"

"எலி எதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அப்போதும் சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் போய்க் காபி போட்டேன். சர்க்கரை அதிகமாகிவிட்டது. முழுவதையும் குடித்தாள்.

ஆகஸ்ட் 2, சனி

காய் விலை பாதியாக இறங்கிவிட்டது. "தேங்காயாவது வாங்கி வெச்சிருக்கலாம்" என்கிறாள் தமயந்தி. புத்தக வேலை நடக்கிறது, யோகநாதன் சொன்ன சொல் மாறவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

அட்டைப்படம் பார்ப்பதற்காகப் பாலக்கரை அச்சகத்துக்குப் போனோம். வாசலில் காரை நிறுத்தியதும், "நீங்க வேணாங்க, நானே பேசிக்கிறேன். ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு இறங்கிச் சுற்றி வந்து இடது சீட்டில் உட்கார்ந்தேன். சாவி என்னிடம்தான் இருந்தது, ஏசி போடவில்லை. பெட்டியைத் திறந்து விசிறியையும் கடலை டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரு வேறு மாதிரி இருக்கிறது. எதிர் டீக்கடையில் இருவர் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தது நன்றாகத் தெரிந்தது, ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

போனை எடுத்துத் தோப்பைத் திறந்து தமயந்தியின் பக்கத்துக்குப் போனேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய முதல் பதிவிலிருந்து ஆரம்பித்தேன். கோலமும் இல்லை, வாசலும் இல்லை. முதல் பதிவு என் குறட்டை பற்றி. இரண்டாவது, மகளை பெங்களூருக்கு ரயில் ஏற்றிவிட்டு வந்த அன்று நாங்கள் இருவரும் பழக்கத்தில் மூன்று தட்டு எடுத்து வைத்தது பற்றி. அந்த மூன்றாவது தட்டை எடுத்து உள்ளே வைத்தவன் நான். நான் அதைக் கவனித்ததாக நினைவில்லை. அவள் நான் எப்படி எடுத்து வைத்தேன் என்று எழுதியிருக்கிறாள்.

ஒவ்வொரு பதிவையும் படித்து முடித்ததும் என் சொந்த ஓட்டை, அந்தக் கடுகு ஓட்டை, போட்டேன். தோப்பில் ஒரு வாரம் தாண்டிய பதிவுக்கு ஓட்டுப் போட்டால் எழுதியவருக்கு ஒன்றும் கிடைக்காது. யாரோ படித்தார்கள் என்று தெரியும், அவ்வளவுதான். உள்ளே அவள் போன் ஒவ்வொரு தடவையும் ஒலித்திருக்க வேண்டும்.

கடலை பாதி டப்பா காலியானபோது கண்ணாடியைத் தட்டினாள். கையில் போன். கண் கலங்கியிருந்தது, அட்டைப்படம் நன்றாக வந்திருக்கிறது என்றாள்.

"ரொம்ப நேரம் ஆக்கிட்டேனாங்க? போலாமா?"

"இன்னும் ஒரு வருஷத்துப் பதிவு பாக்கி இருக்கு தமயந்தி" என்றேன். "உள்ள போயி இன்னொரு ரெண்டு நிமிஷம் பேசிட்டு வாயேன்."